முழங்கால் வழி

விளக்கு ஆடவே இல்லை. அதை மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. கை மரத்துப்போனது, தோள் கழன்றுவிடும்போல வலித்தது, ஆனாலும் ஆடவில்லை. நான் சரியாகத்தான் பிடித்திருந்தேன்.

வாத்துக்காரி இதைத் தன் மனசுக்குள் சொல்லிக்கொண்டே பீப்பாயிலிருந்து தண்ணீரை மொண்டு தொட்டியில் ஊற்றினாள். காலையில் கண் விழித்ததும் ஒருமுறை சொல்வாள். சோறு வடிக்கும்போது கஞ்சி ஆவி முகத்தில் அடிக்கையில் ஒருமுறை. வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. புருஷன் போய் ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்து வெயிலும் வந்துவிட்டது. இன்னமும் யாரோ எதிரில் உட்கார்ந்து விசாரிக்கிற மாதிரியும், அவள் அந்த ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிற மாதிரியும்தான் இருந்தது. விசாரிக்கிறவர் ஒருநாளும் சரி, போ என்று சொல்லவில்லை.

தொட்டி என்பது பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம். ஒரு நேரத்தில் இரண்டு வாத்துதான் இறங்கலாம். மற்றவை விளிம்பைச் சுற்றிக் கழுத்தை நீட்டி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வாத்துக்குத் தலை முழுக்க முங்கவேண்டும். முங்கி உதறினால்தான் கண்ணும் மூக்கும் சுத்தமாகும். லாரித் தண்ணீரில் எத்தனை தலை முங்கும்? வெயில் ஏறுவதற்குள் தொட்டி சேறாகிவிடும். கண்ணோரம் பீளை கட்டியவற்றை ஒவ்வொன்றாக இடுப்பில் இடுக்கி, ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். இறகில் இருந்த பளபளப்புப் போய், பழைய தலையணையிலிருந்து பிதுங்கிய பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. முட்டை ஓடும் மெலிந்துபோனது. அந்த முட்டை போகிற பேக்கரியில் வேலை பார்க்கும் மகள், "கூடையில வைக்கும்போதே கீறல் விடுதாம்மா, ஓனர் முணுமுணுக்கிறார்" என்று நேற்று வந்து சொன்னாள்.

இதற்கு முன்னால் வாத்துக்கு அவள் தண்ணீர் ஊற்றியதே கிடையாது. வீட்டின் பின்பக்கம் அப்படியே சரிந்து ஏரிக்குள் இறங்கிவிடும். காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் போதும், கூச்சல் போட்டுக்கொண்டு ஓடித் தண்ணீரில் விழும். சாயங்காலம் டப்பாவைத் தட்டினால் தானாக ஏறி வரும். இப்போது சரிவு தொடங்குகிற இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாக நீலத் தகரம் அடித்திருந்தார்கள். ஏரியை அழகுபடுத்துகிறார்களாம். தூர் வாரி, கரையில் கல் பதித்து, விளக்குப் போட்டு, ஊர் ஜனங்கள் காற்று வாங்கி நடக்கப் பாதை போடுகிறார்களாம். வாத்துகளுக்கு இது விளங்கவில்லை. தினமும் காலையில் தகரத்துக்கு முன்னால் வரிசையாகப் போய் நின்றன, கடை திறக்கக் காத்திருக்கிற ஆட்களைப் போல. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தன.

"ஏண்டி வாத்துக்காரி, உயிரோட இருக்கியா?"

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. தெருவே அந்த அம்மாளை ரேடியோ என்றுதான் கூப்பிடும். விடிகாலையில் ஆரம்பித்தால் தூங்கப்போகும்வரை நிற்காது.

"இருக்கேன்க்கா."

"சத்தமே காணோமேன்னு எட்டிப் பார்த்தேன். முன்னெல்லாம் உன் வாத்து போடற கூச்சல்ல எனக்கு டி.வி. வசனமே காதுல விழாது. இப்ப அதுங்களும் உன்ன மாதிரியே வாய மூடிக்கிச்சு. டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். பிரஷர் ஏறிக்கிடக்காம். மாத்திரைய மாத்தி எழுதிட்டு, தினம் சாயங்காலம் தண்ணி பக்கமா நடங்கம்மா, மனசு லேசாகும்ங்கிறார். எந்தத் தண்ணி டாக்டர், லாரித் தண்ணியான்னு கேட்டேன். சிரிக்கிறார் மனுஷன். இந்தத் தகரத்தப் பார்த்துக்கிட்டே நடந்தா பிரஷர் இறங்குமா ஏறுமா, நீயே சொல்லு."

வாத்துக்காரி சிரிக்க முயன்றாள். உதடு அசைந்தது.

"எங்க வீட்டுக்காரர் கதை அதைவிட மோசம். ஒரு வார்த்தை பேசாத ஆளு, உனக்குத்தான் தெரியுமே. சாப்பிட்டதும் ஏரிக்கல்லுல போய் உக்காருவார். கால தண்ணியில விட்டுக்கிட்டு ஒரு மணி நேரம். திரும்பி வந்தா கொறட்டைதான். இப்ப வீட்டுக்குள்ளயே நடக்கிறார்டி. கட்டில்லேர்ந்து கதவு, கதவுலேர்ந்து கட்டில். நேத்து என்னப் பார்த்து, நீ ஏன் இவ்வளவு பேசறேன்னு கேட்டுட்டார். கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல இப்பத்தான் கவனிச்சிருக்கார்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கினாள்.

"கதவு விஷயம் காதுல விழுந்துச்சா? உன் கொழுந்தன் பேசி வெச்சிருக்கானாம். நம்ம தெருப் பக்கம் ஒரு கதவு விடுவாங்களாம். எல்லாம் உன் கையிலதான் இருக்குன்னு..."

"என் கையில என்னக்கா இருக்கு?"

"அவனே வந்து சொல்லட்டும். நான் ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கணும்."

ரேடியோ தானாக நின்றதை வாத்துக்காரி அன்றுதான் பார்த்தாள்.

அந்தத் தெருவில் ஒரே வரிசைதான் வீடுகள். முன்பக்கம் ரோடு, பின்பக்கம் ஏரி. ஆனால் எல்லாரும் பின்பக்கத்தைத்தான் முன்பக்கமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். குளிக்கிறது, துவைக்கிறது, மீன் கழுவுகிறது, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறது எல்லாம் அங்கேதான். யாரோடு யாருக்குச் சண்டை என்றாலும் மறுநாள் அதே கல்லில்தான் போய்த் துவைக்கவேண்டும். எவ்வளவு நேரம்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது? "அந்த சோப்பக் கொஞ்சம் குடு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். முகத்தைப் பார்க்காமல் சோப்பைத் தள்ளிவிடுவார்கள். அத்தோடு சண்டை முடிந்தது. தகரம் வந்தபிறகு தெருவில் மூன்று வீடு பேச்சுவார்த்தையில் இல்லை. முடித்துவைக்க இடமில்லாததால் சண்டைகள் வீட்டுக்குள்ளேயே கிடந்து புளித்தன. பின்கதவு வழியாக வந்துகொண்டிருந்த காற்றும் நின்றுபோய், மத்தியானத்தில் அறைகள் மூடிவைத்த பாத்திரம்போல வெந்தன.

ஏரிக்கு அந்தப் பக்கம் கடைவீதி. ரோடு வழியாகப் போனால் ஏரியை முழுக்கச் சுற்றவேண்டும். தெருக்காரர்கள் சுற்றியதே இல்லை. தண்ணீருக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. எந்தக் காலத்திலோ ஏரி சின்னதாக இருந்தபோது போட்ட கரை, ஏரி பெரிதானதும் உள்ளே முங்கிவிட்டது. அதன்மேல் நடந்தால் முழங்கால்வரைதான் தண்ணீர். இரண்டு பக்கமும் ஆளை முழுங்கும் ஆழம். முழங்கால் வழி என்று சொல்வார்கள். வெளியாளுக்கு அது தெரியாது. பார்த்தால் வெறும் தண்ணீர்தான்.

பகலில் கால் பழக்கத்திலேயே நடந்துவிடுவார்கள். இருட்டிவிட்டால் இந்தக் கரையில் வீட்டு ஆள் ஒருவர் தட்டைக் கல்லின்மேல் ஏறி நின்று விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். நடந்து வருகிறவர் அந்தச் சிவப்புக்கு நேர் கீழே கைவிளக்கு இருக்கும்படி பார்த்துக்கொண்டே வரவேண்டும். கைவிளக்கு விலகித் தெரிந்தால் கால் விலகுகிறது என்று அர்த்தம். அதனால் பிடிக்கிறவர் ஆடக் கூடாது. கொசு கடித்தாலும், வருகிறவர் வழுக்கி விழுந்தாலும், ஆடக் கூடாது. விழுந்தவர் எழுந்து பார்க்கும்போது விளக்கு அதே இடத்தில் இருக்கவேண்டும். கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினால் அவருக்கு வழி போய்விடும். பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிடுவார்கள்.

வாத்துக்காரி பிடித்தால் விளக்கு ஆணி அடித்த மாதிரி நிற்கும். தெருவில் மற்ற பெண்களே, "எங்காளு வர்றார், கொஞ்சம் பிடியேன், உன் கைன்னா அவருக்கு நம்பிக்கை" என்று வந்து கூப்பிடுவார்கள். அவள் புருஷன் அந்தப் பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தான். செருப்பைக் கையில் எடுத்து, ஸ்பானரும் சுத்தியலும் போட்ட பையைக் கழுத்தோடு உயர்த்திக் கட்டிக்கொண்டு, மெல்லச் சீட்டியடித்தபடி வருவான். பாட்டெல்லாம் தெரியாது. ஒரே சத்தத்தை ஏற்றி இறக்குவான். கரை ஏறியதும், "விளக்குக் கம்பத்துக்குக் கரண்ட் பில் கட்டணுமா?" என்பான். தினமும் அதே கேலி. தினமும் அவள், "கம்பத்துக்குப் பசிக்குது, நடங்க" என்பாள்.

அந்த வாரம் மழை. யாரும் கடக்கவில்லை. தூர் வாரும் இயந்திரம் ஏரியின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்ததைத்தான் எல்லாரும் கடைசியாகப் பார்த்திருந்தார்கள். மழைக்கு நடுவிலேயே அது மிதவையோடு இந்தப் பக்கம் வந்ததும், வழியில் தடுத்த அந்த முங்கிய கரையை ஒரு லாரி அகலத்துக்கு வெட்டிக்கொண்டு போனதும் யாருக்கும் தெரியாது. வெட்டின இடத்தில் இரண்டு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அளவெடுக்கிறவர்கள் இப்படித்தான் கண்ட இடத்தில் துணி கட்டுவார்கள் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். ரோட்டுப் பக்கம் எச்சரிக்கைப் பலகையும் வைத்திருந்தார்களாம். அந்த வழியாகத் தெருவில் யார் போனார்கள்?

மழை விட்ட முதல் சாயங்காலம் அவள் கல்லில் ஏறி நின்றாள். சீட்டிச் சத்தம் கேட்டது. வெளிச்சம் முற்றிலும் போகவில்லை. நடுவில் அவன் உருவம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. சீட்டி நின்றது.

வழுக்கிவிட்டார் என்று நினைத்தாள். எழுந்து பார்ப்பார். பார்க்கும்போது விளக்கு இருக்கவேண்டும்.

அவள் அசையவில்லை.

கொழுந்தன் எதற்கோ வெளியே வந்தவன், "என்ன அண்ணி, அண்ணன் இன்னும் வரலையா?" என்று கேட்டு, அவள் முகத்தைப் பார்த்து, தண்ணீரில் குதிக்கும்வரைக்கும் விளக்கு அங்கேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிணத்தை எடுத்து வைத்து எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது ரேடியோ மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் பின்கதவுல நின்னு பார்த்தேனே! விளக்கு அப்படியே நின்னுச்சே! சரி, மெக்கானிக் வந்துட்டிருக்கார்னு உள்ள போயிட்டேனே!"

அந்த அம்மாள் வெள்ளை மனசோடு சொன்னது. வாத்துக்காரியின் உள்ளே அது அன்றைக்கு இறங்கியதுதான். விளக்கு ஆடியிருந்தால் தெருவே ஓடி வந்திருக்கும். ஆடாததால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தெரு முழுக்க நம்பிவிட்டது.

ரேடியோ கதவைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே மத்தியானம் கொழுந்தன் வந்தான். கூடவே ஏரி வேலையைப் பார்க்கிற சூப்பர்வைசரும் வந்தான். சின்ன வயசு. காலணியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, வாத்து எச்சத்தைத் தாண்டித் தாண்டிக் கால் வைத்தான்.

"உக்காருங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"பரவாயில்லம்மா." உட்கார்ந்தான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. "அன்னைக்கு நடந்தத நெனச்சா இப்பவும் எனக்குத் தூக்கம் வர்றதில்லம்மா. உண்மையாச் சொல்றேன். நாங்க போர்டு வெச்சிருந்தோம். ஏரிக்குள்ள ஆள் நடந்து வருவாங்கன்னு யாரும்மா நெனைப்பா?"

"ஆமா சார். யாரும் நெனைக்கமாட்டாங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவன் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தான்.

கொழுந்தன் வலைக்காரன். இப்போது வலைகள் பரணில் கிடந்தன. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். தோளில் காய்ப்பு விழுந்திருந்தது. "அண்ணி, நான்தான் இவங்ககிட்ட நம்ம விளக்கு விஷயத்தச் சொன்னேன்" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்க ஆபீஸ் பெரியவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா" என்று சூப்பர்வைசர் பெட்டியைத் திறந்தான். செம்பு நிறத்தில் ஒரு விளக்கு. பழைய அரிக்கேன் மாதிரி வளைந்த கைப்பிடி, உள்ளே பாட்டரி. "கரையில நின்னு விளக்கு தூக்கிக் காட்டறது எவ்வளவு அழகான பழக்கம்! திறப்பு விழாவ அதை வெச்சே ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டார். நீங்க அந்தக் கல்லுமேல நின்னு இதத் தூக்கினா, அதே நேரத்துல கரை முழுக்க லைட் எரியும். அவ்வளவுதான். பேசவெல்லாம் வேண்டாம்."

வாத்துக்காரி விளக்கை வாங்கிப் பார்க்கவில்லை. "வழி இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"எந்த வழிம்மா?"

"தண்ணிக்குள்ள."

"அதெல்லாம் எடுத்தாச்சேம்மா. இப்ப எல்லா இடமும் ஒரே ஆழம்."

"அப்ப விளக்கு எதுக்கு?"

ஒரு வாத்து இருமுவதுபோலக் கத்தியது. சூப்பர்வைசர் பெட்டியை மூடினான். வந்த விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தவன்போலத் தொடர்ந்தான்: "உங்க தெருப் பக்கம் ஒரு கதவு விடணும்னு இவர் ரொம்ப நாளா நடக்கிறார். மேல இருக்கிறவங்க யோசிக்கிறாங்கம்மா. விபத்து நடந்த பக்கம். குடும்பத்துக்கு வருத்தம் இருக்கு, நாளைக்குத் தகராறு வரும்னா, பாதுகாப்புன்னு சொல்லி அடைச்சே வெச்சிடுவாங்க. நீங்களே வந்து நின்னுட்டீங்கன்னா பேச்சே இல்ல. அன்னைக்கே கதவத் திறந்துடலாம்."

அவன் போனபிறகும் கொழுந்தன் போகவில்லை. வாத்துக்காரி அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். முட்டையைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். அவன் பிட்டுப் பிட்டுத் தின்றான்.

"கதவத் திறந்தா வலை வீச விடுவாங்களா தம்பி?"

"இல்ல அண்ணி."

"வாத்து?"

"வாத்து கூடாது. துணி துவைக்கக் கூடாது. தண்ணியில கால் வைக்கக் கூடாது. கம்பி போட்டிருக்காங்க. காலையிலயும் சாயங்காலமும் உள்ள போய் நடக்கலாம், பெஞ்சுல உக்காரலாம்."

"இதுக்கா இவ்வளவு நடந்த?"

"பார்க்கவாவது விடறாங்களே!" டீயைக் கீழே வைத்தான். "உங்களுக்குத் தெரியாது அண்ணி. என் பொண்டாட்டி சொல்றா, இப்பத்தான் உங்கமேல மீன் நாத்தம் போய் மனுஷ வாசனை வருதுன்னு. சொல்லிட்டு அவளே திரும்பிப் படுத்துட்டு அழறா. மூட்டைய எறக்கி வெச்சுட்டு மார்க்கெட் வாசல்ல நிக்கிறேன், எந்தப் பக்கம் பார்க்கிறதுன்னே தெரியல. எங்க பார்த்தாலும் சுவரு. அந்தத் தண்ணிதான் என் அண்ணனக் கொண்டுபோச்சு. நான்தான் முங்கி எடுத்தேன். ஆனாலும் அதப் பார்க்காம என்னால முடியல. நான் என்ன மாதிரி மனுஷன் அண்ணி?"

அவள் அவன் தலையில் கை வைத்தாள். கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது, டிராயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்ற பயல். "சாப்பிடு" என்றாள்.

சரி என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததையே சரி என்று தெரு எடுத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் சுவருக்கு மேலே ரேடியோவின் தலை வந்தது. "மகராசி, நல்லா இரு! எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். செருப்ப எடுத்து வெளிய வெச்சுட்டார், இப்பவே கெளம்பற மாதிரி!" பேச்சுவார்த்தையில்லாத மூன்று வீட்டிலிருந்தும் தனித்தனியாக வந்து அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

மகள் பேக்கரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். அப்பா இருந்தவரை அவளும் அவரும் சாப்பிட்ட கையோடு கல்லில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். என்னதான் பேசுவார்களோ. அவர் ஏதாவது சொல்ல, இவள் அவர் முதுகில் அடிக்கிற சத்தம் உள்ளே கேட்கும். இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள், சுவரைப் பார்த்துப் படுப்பாள்.

"தெருவே பேசுது. நிஜமாவே போறியாம்மா?"

"நீ என்ன சொல்ற?"

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அவங்க முகத்துல காறித் துப்பணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா எனக்கு அங்க உக்காரணும்மா. அப்பாவ எரிச்ச இடத்துல எனக்கு ஒண்ணுமே தோணல. அந்தக் கல்லுலதான் அப்பா இருக்காருன்னு தோணுது. பைத்தியக்காரத்தனம்தான். அவ்வளவுதான் எனக்கு வேணும். ஒரு சாயங்காலம் அங்க உக்காந்தாப் போதும், அப்புறம் தூங்கிடுவேன்."

வாத்துக்காரிக்கு இவளிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அன்றைக்கு நான் பார்த்தேன், உருவம் இருந்தது, இல்லாமல் போனது, நான் கத்தவில்லை. சொன்னால் மகள் என்ன செய்வாள்? அணைத்துக்கொள்வாள், அல்லது எழுந்து போய்விடுவாள். இரண்டையும் தாங்கும் சக்தி தன்னிடம் இல்லை என்று தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்க" என்றாள்.

விழா நாளில் மகளே அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். கொழுந்தன் முன்னால் நடந்தான். தெரு முழுக்கப் பின்னால் வந்தது. ரேடியோவின் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். தகரத்தில் ஒரு பலகையைக் கழற்றி, புதுக் கதவு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பூட்டுத் தொங்கியது. அவளையும் கொழுந்தனையும் மகளையும் மட்டும் உள்ளே விட்டுவிட்டு, காவலாளி மறுபடி பூட்டினான். "நிகழ்ச்சி முடிஞ்சதும் எல்லாருக்கும் தொறப்போம், தள்ளாதீங்க" என்றான்.

அவளுக்கு முதலில் வந்தது வாசனை. தண்ணீரின் பச்சை வாசனை. மூச்சை அடைக்கிற மாதிரி முகத்தில் காற்று அடித்தது. இத்தனை மாதமாக உடம்பு எதற்காக இறுகிக் கிடந்ததோ, அது அவளைக் கேட்காமலே தளர்ந்தது. பக்கத்தில் மகள் விம்முவது கேட்டது. பாவி உடம்பே, உனக்கு வெட்கமில்லையா என்று நினைத்தாள்.

ஏரி பெரிதாக, சுத்தமாக இருந்தது. ஒரு பாசி இல்லை, ஒரு வலை இல்லை, ஒரு பிள்ளை இல்லை. வழவழப்பான கல் பாதை. கம்பி வேலி. மனசுக்கு அமைதி தரும் நீர்க்கரை என்று ஒரு பலகை. தட்டைக் கல்லை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். தேய்த்து மெருகேற்றி, ஏறுவதற்கு இரண்டு படி வைத்திருந்தார்கள். எதிர்க்கரையில் கடைவீதிப் பக்கம் நாற்காலிகள் போட்டு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லா முகமும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சூப்பர்வைசர் செம்பு நிற விளக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். "பட்டன் இங்க இருக்கும்மா. நான் கை காட்டினதும் ஏறி நின்னு தூக்குங்க. கொஞ்சம் உயர்த்தி. ஆடாம பிடிச்சீங்கன்னா போட்டோ நல்லா வரும்."

அவள் படி ஏறினாள். கல் கால்களுக்குத் தெரிந்த கல்தான். மெருகேற்றியதில் கொஞ்சம் வழுக்கியது. உள்ளங்கை தானாகக் கைப்பிடியை இறுக்கியது, தோள் தானாகத் தயாரானது. எதிரே ஒரு சுருக்கமும் இல்லாத தண்ணீர். எங்கும் ஒரே ஆழம்.

சூப்பர்வைசர் கை காட்டினான்.

அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அதைக் கால்பக்கத்தில், கல்லின்மேல், சத்தம் வராமல் வைத்தாள்.

"அம்மா, இப்பத்தாம்மா" என்றான் அவன். மறுபடி கை காட்டினான். எதிர்க்கரையில் யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள்.

கொழுந்தன் படியருகே ஓடி வந்தான். "என்ன அண்ணி? கை வலிக்குதா? நான் கூடப் பிடிக்கவா?"

"வேண்டாம் தம்பி."

"ஒரே ஒரு நிமிஷம் அண்ணி. அதோ பாருங்க, எல்லாரும் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க. ஒரு தடவ தூக்கிட்டு எறக்கிடுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

கதவின் இடுக்கில் கண்கள் தெரிந்தன. ரேடியோவின் குரல், "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மகள் கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, முன்பே தோற்றுப்போன ஒரு அமைதியும் இருந்தது. வாத்துக்காரி அதை முழுக்கப் பார்த்தாள். கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை. பிறகுதான் படி இறங்கினாள்.

"நான் தூக்கமாட்டேன் தம்பி" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நான் தூக்கினா வழி இருக்குன்னு நம்பி, அந்தப் பக்கத்துலேர்ந்து யாராவது தண்ணியில எறங்கிடுவாங்க."